ட்றெபிள்: கூரொலி

தகரம் போட்ட மண்டபத்தில் இசைக்குழு பழகத் தொடங்கினால் முன்வரிசையில் இருந்து கட்டாயம் ஒரு குரல் வரும்: "தம்பி, ட்றெபிளைக் குறை, காதைக் குத்துது." யாழ்ப்பாணத்தில் எலெக்ற்றிக் கிற்றார் வாசிக்கிற பொடியள் கேட்டுச் சலித்த வசனம். ட்றெபிளுக்கு, அதாவது ஒலியின் உயர் மீடிறன் (அதிர்வெண்) பகுதிக்கு, ஒரு தமிழ்ச்சொல் தேடும் எனக்கு அந்தக் 'குத்துது' என்பதில்தான் கண்.

முதலில் மூலம். இலத்தீனில் 'திரிப்ளுஸ்' என்றால் மும்மடங்கு. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இடைக்கால ஐரோப்பியப் பல்குரல் பாடல்களில் அடிமெட்டைப் பிடித்து நிற்கும் குரல் 'தெனோர்'. அதன்மேல் இன்னொன்று, அதற்கும் மேலே மூன்றாவதாக 'திரிப்ளும்'. மூன்றாமவர் உச்சத்திலேயே நின்றதால், காலப்போக்கில் 'மூன்று' தேய்ந்து 'உச்சம்' மட்டும் மிஞ்சிவிட்டது.

அப்படியானால் தமிழில் 'உச்சஸ்தாயி' என்று சொல்லிவிடலாமா? பழந்தமிழிசையின் மெலிவு, சமன், வலிவு என்ற மூன்று தானங்களில் 'வலிவு' சரிவருமா என்று நானும் ஆசைப்பட்டுப் பார்த்தேன். பொருந்தாது. அம்ப்பில் (கிற்றார் ஒலியைப் பெருக்கும் பெட்டியில்) உள்ள ட்றெபிள் குமிழைத் திருப்பினால் சுரம் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. பள்ளிக்கூட விஞ்ஞானத்தில் ஒலிக்குச் சுருதி, உரப்பு, பண்பு என்று படித்தோமே, குமிழ் தொடுவது அந்தப் பண்பை. கழுத்தில் 22 பிறெற் (குறுக்குக் கம்பி) உள்ள கிற்றாரின் ஆக உயர்ந்த சுரத்துக்கே அடிப்படை மீடிறன் ஏறக்குறைய 1,175 ஹேர்ட்ஸ்தான். எங்கள் காது மிகக் கூடுதலாக உணர்வதோ 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸ் வரை. ஆகவே குத்துவது சுரமல்ல, அதன் மேற்றொனிகள், அதாவது அடிப்படையோடு கூடவே எழும் உயர் மீடிறன்கள்.

ஆங்கிலக்காரர் இந்த ஒலியைக் கண்ணால் அளந்து 'பிரைட்' (வெளிச்சமானது) என்கிறார்கள். நாங்கள் தோலால் அளக்கிறோம்: குத்துது, கிழிக்குது, அராவுது. அளவோடு இருந்தால் 'கணீர்' என்று புகழ்வோம், மீறினால் கூர். எனவே என் தெரிவு 'கூரொலி'. வெறுமனே 'கூர்' என்று வைக்கலாம்தான், ஆனால் "கூரைக் குறை" என்றதும் மண்டபக்காரர் தகரத்தைக் கழற்றப் போகிறார்களோ என்று பயந்துவிடுவார்.

கூர் என்று வந்துவிட்டால் அடக்குவதற்கும் சொல் தயார்: மழுக்குதல். கிற்றாரில் உள்ள ரோன் குமிழ் செய்வது அதையே. அதனோடு பொருத்திய கொள்ளளவி (கப்பாசிற்றர்), பெரும்பாலும் 0.022 அல்லது 0.047 மைக்ரோபரட், உயர் மீடிறன்களைப் புவிக்கு வடித்துவிடும். பெறுமானம் கூடக்கூட வடிவதும் கூடும், அளவு தப்பினால் மிஞ்சுவது மழுங்கல். 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிற்றாரில், கம்பிகளை உடலில் தாங்கும் பாலத்தடியில் இருந்த பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வை மின்னாக்கும் உறுப்புக்கு) இந்தக் குமிழே இல்லை. கம்பியின் மேற்றொனிகள் தூக்கலாகக் கேட்கும் இடமும் அதுதான்!

அம்ப்பைக் காலடியில் வைத்து வாசிப்பவருக்கு இதெல்லாம் தெரியாது. கூரொலி ஸ்பீக்கருக்கு நேரெதிரே ஒடுங்கிப் பாய்வது. அவருடைய முழங்காலைத் தாண்டி முன்வரிசையின் முகத்தில் போய் அடிக்கும். அம்ப்பை ஒரு கதிரையில் ஏற்றி அவர் காதுக்கு நேரே திருப்பிவிடுங்கள், குமிழைத் தானே தேடுவார்.