முதல் இரண்டு எண்களைப் பாருங்கள்

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடை. தினமும் காலையில் பில் பிரிண்டர் நின்றுவிடும். முதலாளி மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனால் தானாக ஓடும். திரும்பி வந்ததும் மறுபடி நிற்கும். "தம்பி, கேபிள் மாத்தியாச்சு, புது பிரிண்டரே வாங்கியாச்சு" என்றார்.

அவர் போனில் வைஃபை விவரத்தைத் திறந்து ஐபி முகவரியைப் பார்த்தேன், அதாவது நெட்வொர்க்கில் அந்தச் சாதனத்தின் கதவு எண்: 192.168.1.5. பிரிண்டரின் பட்டனை அழுத்திப் பிடித்து சோதனைத் தாளை எடுத்தேன். அதிலும் 192.168.1.5. பழைய பிரிண்டருக்குக் கையால் போட்ட எண்ணையே புதிதுக்கும் போட்டிருந்தார்கள். இரவில் பிரிண்டரை அணைத்துவிடுவதால், காலையில் முதலில் வந்து சேரும் முதலாளியின் போனுக்கு, 'இந்த எண் சும்மாதான் இருக்கிறது' என்று ரவுட்டர் அதைக் கொடுத்துவிடுகிறது. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ரவுட்டர் தானாக வழங்கும் முகவரிகளில் கடைசி எண்ணை 2 முதல் 150 வரை என்று சுருக்கி, பிரிண்டருக்கு 200 கொடுத்தேன். பில்லிங் மென்பொருளிலும் அதை மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது.

ஐபி முகவரி என்பது 0 முதல் 255 வரையிலான நான்கு எண்கள், நடுவில் புள்ளிகள். மொத்தம் 32 பிட், அதாவது 0 அல்லது 1 என்ற 32 இலக்கங்கள். அதனால் சுமார் 429 கோடி முகவரிகள்தான் இருக்க முடியும். 1981இல் இதை வகுத்தபோது முதல் எண்ணை வைத்து வகுப்பு பிரித்தார்கள். 126 வரை ஏ, 128 முதல் 191 வரை பி, 192 முதல் 223 வரை சி. அதற்கு மேல் உள்ளவை பின்னர் டி, ஈ என்று தனிப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டன. 127இல் தொடங்குபவை, ஒரு சாதனம் தன்னையே அழைத்துக்கொள்ள. சி வகுப்பில் ஒரு நெட்வொர்க்குக்கு 254 சாதனங்கள், பி வகுப்பில் 65,534. அப்படியானால் 300 கணினி உள்ள அலுவலகம் என்ன செய்யும்? சி போதாது, பி கொடுத்தால் அறுபத்தைந்தாயிரம் எண்கள் வீண். இதனால்தான் 1993இல் வகுப்பை விட்டுவிட்டு, முகவரிக்குப் பின் சாய்கோடும் ஓர் எண்ணும் போட்டு வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளும் முறைக்கு வந்தார்கள். நேர்காணலில் இன்றும் வகுப்பைக் கேட்கிறார்கள். படித்துக்கொள்ளுங்கள், ஆனால் வேலைக்கு உதவுவது வேறு பிரிவினை.

10இல் தொடங்குவது, 172.16 முதல் 172.31 வரை, 192.168இல் தொடங்குவது: இவை மூன்றும் தனியார் முகவரிகள். உங்கள் வீட்டிலும் 192.168.1.5 இருக்கலாம், என் வீட்டிலும் இருக்கலாம். அவை இணையத்தில் நேரடியாகத் தெரியாது. அதனால் யாராவது போன் செய்து "உங்கள் ஐபி 192.168இல் தொடங்குகிறது, ஹேக் ஆகிவிட்டது" என்று பயமுறுத்தினால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். கணினியில் 169.254 என்று வந்தால், முகவரி கேட்டு யாரும் தராததால் அது தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். நெட் கம்பெனியைத் திட்டும் முன் ரவுட்டரையும் கேபிளையும் பாருங்கள்.

அப்புறம், ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால், நெட் கம்பெனி ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டிருக்கிறது. உலக இருப்பில் இருந்த கடைசி முகவரித் தொகுதிகள் 2011 பிப்ரவரியிலேயே பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன, வேறு வழியில்லை. 128 பிட் கொண்ட புது முறை இருந்தும், பழையதை இன்னும் விட முடியவில்லை.

எனக்குக் கவலை இங்கேதான். பங்கிட்ட முகவரியில் வெளியிலிருந்து கேமரா பார்க்க வராது. உடனே கேமரா போட வந்தவர் "ஸ்டாடிக் ஐபி வாங்குங்க சார்" என்பார், அதாவது உங்களுக்கு மட்டுமான, மாறாத பொது முகவரி. வாங்கியதும் ரவுட்டரில் ஒரு போர்ட்டை (வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல்) திறந்து, கேமரா காட்சிகளைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியை நேராக இணையத்தில் நிறுத்திவிட்டுப் போய்விடுவார். 2016இல் மிராய் என்ற தீநிரல் இப்படித் திறந்து கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும்தான் பிடித்தது. கம்பெனி போட்ட கடவுச்சொல்லை யாரும் மாற்றாததுதான் அதற்குச் சாவி.

அதே ஜவுளிக்கடையில் டிவிஆரையும் பார்த்தேன். முதலாளியிடம் சொல்லிவிட்டு, என் போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் கடையின் பொது முகவரியைத் தட்டினேன். உள்நுழையும் பக்கம் வந்தது. பெட்டியோடு வந்த கடவுச்சொல்லே போதுமாக இருந்தது. என் கையில் அவருடைய கல்லா தெரிந்தது, பணம் எண்ணும் விரல்கள் வரை. அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

போர்ட்டை மூடினேன். கடவுச்சொல்லை அவரே மாற்றினார். கேமரா கம்பெனியின் செயலி வழியாகப் பார்க்கும்படி அமைத்தோம், அதற்கு ஸ்டாடிக் ஐபி தேவையே இல்லை. கிளம்பும்போது, "மச்சான் வீட்டுக்கும் இதே ஆள்தான் கேமரா போட்டான், பெட்ரூம் வாசல்ல ஒண்ணு இருக்கு" என்றார். அன்று மாலையே அங்கே போனோம்.