அலை ரோட்டில் கேரவன் வேன் ஓட்டப் போகிறீர்களா, கேஸ் குழாயைப் பாருங்கள்

மணலி, எண்ணூர் பக்கம் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு எந்த ரோடும் பெரிதாகத் தெரியாது. "இந்தப் பள்ளத்தையே பார்த்தாச்சு, லடாக்கில் புதுசா என்ன இருக்கப் போகுது" என்பார்கள். மாதவரத்தில் வேன்களுக்குப் படுக்கை, அடுப்பு, பேட்டரி எல்லாம் பொருத்தி கேரவனாக மாற்றித் தருவதும், டூர் முடிந்து வரும் வண்டியைப் பிரித்துப் பார்ப்பதும் என் தொழில். பள்ளம் வேறு, அலை ரோடு வேறு என்பதை இந்த வேலையில்தான் தெளிவாகப் பார்க்கிறேன்.

பள்ளத்தில் ஒரே அடி. ரிம் வளையும், ஸ்பிரிங் பட்டை உடையும், உடனே தெரிந்துவிடும். அலை ரோடு என்பது வண்டி ஓடி ஓடி அலை விழுந்த மண், சரளை ரோடு, அதில் சிமெண்ட் ஷீட் கூரை மாதிரி குறுக்கே வரிவரியாக மேடு ஓடும். மேட்டுக்கு மேடு முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 40 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 15 தடவை அடி விழும், நிமிடத்துக்கு 900 தடவை. வண்டி நன்றாகத்தான் ஓடும், ஆனால் உள்ளே ஒவ்வொரு நட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று கொண்டிருக்கும்.

ஸ்பிரிங் இல்லாத வெறும் சக்கரத்தை மணலில் உருட்டினாலும் இந்த அலை வருகிறது, ஓரளவு வேகத்துக்குக் கீழே போனால் மட்டும் வருவதில்லை என்று டாபர்லே, மோரிஸ், மெக்எல்வைன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2007இல் சோதனை செய்து காட்டினார்கள். அதனால் ரோட்டைச் சமப்படுத்தினாலும் வண்டிகள் ஓட ஓட அலை திரும்ப வரத்தான் செய்யும்.

"80இல் போனால் அலை மேல மிதந்துடலாம்" என்று ஒரு யோசனை சொல்வார்கள். குலுக்கல் குறைவது உண்மைதான், ஆனால் டயர் பாதி நேரம் தரையிலேயே இருக்காது, பிரேக்கும் பிடிக்காது, ஸ்டீயரிங்கும் கேட்காது, மேலே கனம் ஏற்றிய உயரமான வண்டி வளைவில் சாய்ந்துவிடும். மெதுவாகப் போங்கள். டயர் காற்றைக் கால் பங்கு வரை இறக்கலாம், ஆனால் தார் ரோட்டில் வேகம் எடுக்கும் முன் மறுபடி ஏற்றியே ஆக வேண்டும், அதற்குச் சின்ன கம்ப்ரஸர் ஒன்று கையில் இருக்கட்டும். ஷாக் அப்சார்பர் சூடேறினால் உள்ளே இருக்கும் ஆயில் வேலை செய்யாது, அவ்வப்போது நிறுத்தி ஆறவிடுங்கள்.

சரி, எனக்கு உண்மையிலேயே பயம் தருவது வண்டிக்கு உள்ளே இருப்பது. திரும்பி வந்த வண்டிகளில் அடுப்புக்குக் கீழே பலகையைக் கழற்றினால், கிளிப் விட்டுப்போன இடத்தில் கேஸ் போகும் செம்புக் குழாய் பாடியில் உரசி உரசி ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும், நட் சேரும் கழுத்தில் முடி போல ஒரு வெடிப்பு இருக்கும். அதிர அதிரச் செம்பு இறுகி வெடிக்கும் குணம் உள்ளது. எல்பிஜி காற்றைவிடக் கனம், ஜன்னல் திறந்திருந்தாலும் கீழே தரையோடுதான் தேங்கும். பல வண்டிகளில் பேட்டரியும் அங்கேயே ஒரு சீட்டுக்குக் கீழேதான், அதன் டெர்மினலும் அதே குலுக்கலில் தளர்ந்திருக்கும். கீழே கேஸ், பக்கத்தில் ஒரு பொறி. குடும்பம் தூங்கும் வண்டி இது, அதனால்தான் வருகிற ஒவ்வொருவரிடமும் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியே இருக்கட்டும். சிலிண்டரையும் பேட்டரியையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். டெர்மினலுக்கு நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருக்கும், குலுக்கலில் எளிதில் கழலாது) போடச் சொல்லுங்கள், கேஸ் டிடெக்டரைத் தரை மட்டத்துக்குப் பக்கத்தில் பொருத்தச் சொல்லுங்கள். வீல் நட்டுகளில் ஒரு பெயிண்ட் கோடு இழுத்து வைத்தால், கோடு விலகியிருப்பதைப் பார்த்தே நட் திரும்பியது தெரிந்துவிடும்.

மாலையில் வண்டியை நிறுத்தியதும், அடுப்பு பற்றவைக்கும் முன், வால்வைத் திறந்து ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். நுரை குமிழ் விட்டால் அன்றைக்குச் சமையல் வேண்டாம். வாடை வந்தால் லைட், ஃபேன் எந்த சுவிட்சையும் தொடாமல் கதவைத் திறந்து எல்லோரும் இறங்குங்கள், அப்புறம் வெளியே இருந்து வால்வை மூடுங்கள்.