மனநல விடுதியில் சேர்ந்தவருக்கு என்னென்ன உரிமைகள் உண்டு?

வைத்தியசாலையின் மனநல விடுதியில் (வார்டில்) ஒருவரைச் சிகிச்சைக்குச் சேர்த்ததும், இனி டொக்டரும் மிஸ்ஸியும் (தாதியும்) சொல்வதுதான் முடிவு, நோயாளி வாய்திறக்கத் தேவையில்லை என்று நம் வீடுகளில் பலர் நினைக்கிறார்கள். பல நேரம் நோயாளியும் அதை நம்பிவிடுகிறார். அது தவறு. மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ திருகோணமலைக்குச் சிகிச்சைக்கு வருபவருக்குக் காய்ச்சலுக்கு வந்தவருக்குள்ள மரியாதையும் உரிமையும் அப்படியே உண்டு.

இலங்கையின் உளநோய்க் கட்டளைச் சட்டம் 1873இல் வந்தது. 1956இல் திருத்தினார்கள். ஒருவரை எப்படிச் சேர்ப்பது, எப்படித் தடுத்து வைப்பது என்பதில்தான் அதற்கு அதிக அக்கறை. உள்ளே அவரை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு நாம் வேறு இடங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை கொடூரமான, இழிவான நடத்துகையைத் தடுக்கிறது. 12ஆம் உறுப்புரை எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. மனநோயாளரைப் பராமரிப்பது பற்றி ஐ.நா. பொதுச்சபை 1991இல் வகுத்த கோட்பாடுகளும் உண்டு. அவை சட்டமாக நம்மைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், நல்ல பராமரிப்பை அளக்க உதவும்.

முதலாவது விஷயம் சம்மதம். என்ன நோய், என்ன மருந்து, எதற்காக, என்ன பக்கவிளைவு வரலாம், வேறு வழி உண்டா என்பதையெல்லாம் நோயாளிக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும் என்று அந்தக் கோட்பாடுகள் கேட்கின்றன. நம் மாவட்டத்தில் இது பெரிய விஷயம். சிங்களம் மட்டும் தெரிந்த தாதியும் தமிழ் மட்டும் தெரிந்த நோயாளியும் சந்திக்கும்போது, கூட வந்த உறவினர் மொழிபெயர்ப்பாளராகிவிடுகிறார். கணவனின் அடியால் உடைந்துபோன பெண் அதைக் கணவனை வைத்தே எப்படிச் சொல்வாள்? தமிழும் அரச கரும மொழிதான். தமிழ் தெரிந்த ஒருவரை அழைக்கச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

மருந்தை உணவில் ஒளித்துக் கொடுக்கச் சொல்லிக் குடும்பத்தார் தாதியரைக் கேட்பதும் உண்டு. அவர்களின் களைப்பு புரிகிறது. ஆனால் நோயாளிக்கு அது தெரியவந்தால், அப்புறம் அவர் சோற்றையும் நம்பமாட்டார், தாதியையும் நம்பமாட்டார். ஏன் மருந்து வேண்டாம் என்கிறார் என்று உட்கார்ந்து கேட்பதுதான் தாதியின் முதல் வேலை. கை நடுக்கமோ பகல் முழுக்கத் தூக்கமோ காரணமாக இருந்தால், டொக்டர் அளவை மாற்ற முடியும்.

கட்டிவைப்பதையும் தனியறையில் பூட்டுவதையும் பற்றித்தான் எல்லோரும் அதிகம் பயப்படுகிறார்கள். 1991 கோட்பாடுகளின் 11ஆவது பகுதி இதில் தெளிவாக இருக்கிறது. நோயாளிக்கோ பிறருக்கோ உடனடி ஆபத்து இருந்து, அதைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் செய்யலாம். தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் நீடிக்கக்கூடாது. காரணம், தன்மை, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் நோயாளியின் பதிவில் எழுதப்பட வேண்டும். பயிற்சி பெற்றவர்கள் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும். நோயாளியின் பிரதிநிதி இருந்தால் அவருக்கும் உடனே அறிவிக்க வேண்டும். விடுதியில் ஆள் போதவில்லை, சத்தம் போடுகிறார், சொல் கேட்கவில்லை என்பதெல்லாம் காரணமே ஆகாது. தண்டனையாகக் கட்டுவது எந்த நிலையிலும் தவறு.

இரகசியம் காப்பதும் அதே அளவு முக்கியம். எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தமாகும் ஊர் இது. விடுதியில் கேட்டது வெளியே போனால் ஒரு கலியாணப் பேச்சு நின்றுவிடும், ஒரு வேலை போய்விடும். உயிராபத்து போன்ற நிலை தவிர, நோயாளி சொன்னது சிகிச்சைக் குழுவைத் தாண்டக்கூடாது. பெற்றோருக்கு எவ்வளவு சொல்வது என்பதையும் வயதுவந்த நோயாளியிடமே கேட்க வேண்டும்.

இன்னொன்று: தற்கொலைக்கு முயன்றவரை, பொலிஸ் வழக்கு வரும் என்று பயந்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். அது 1998இலிருந்து இலங்கையில் குற்றமில்லை. உடனே கொண்டுபோங்கள்.

சரி, உரிமை மீறப்பட்டால்? முதலில் விடுதிப் பொறுப்புத் தாதியிடம் பேசுங்கள். தீராவிட்டால் வைத்தியசாலை நிர்வாகத்திடம் திகதியோடு எழுத்தில் கொடுத்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பதிவுகள் வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நோயாளி கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். அவருக்காக வேறொருவர் கேட்டால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் தேவைப்படும். பாரதூரமான மீறல் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை பிராந்திய அலுவலகத்துக்குப் போங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போட ஒரு மாதமே அவகாசம். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவும். மனநலம் பற்றிப் பேச 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.