ஏழு சுரம், நாலு விரல்

வெள்ளவத்தையில் கிட்டார் பழகும் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, சி13 கோர்ட்டில் (chord, சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) ஏழு சுரமாம். தந்தியே ஆறுதானே, அமுக்க விரல் நாலு. எப்படி?"

முழுசாக வாசிக்க முடியாது. தேவையும் இல்லை.

சியைச் சட்ஜமமாக வைத்துக்கொள்வோம். இந்தக் கோர்ட்டின் அடித்தளம் டொமினன்ட் செவன்த் என்ற நாலு சுரக் கோர்ட்: ச, க, ப, கைசிகி நி (இரண்டு நிஷாதங்களில் தாழ்ந்தது). அதற்கு மேல் ஒன்று விட்டு ஒன்றாக ஏறினால் மேல்ஸ்தாயி ரி (9), ம (11), த (13). ஏழையும் அடுக்கினால் அப்படியே ஹரிகாம்போஜி ராகம். இதில் காந்தாரமும் நிஷாதமும்தான் கோர்ட்டின் முகம். முதலில் கழற்றிவிடுவது பஞ்சமத்தை.

ஏன் பஞ்சமம்? ஐந்தாம் தந்தி, மூன்றாம் ஃபிரெட்டில் (கழுத்திலுள்ள குறுக்குக் கம்பி) உள்ள சி வினாடிக்கு 130.8 தடவை அதிர்கிறது. தந்தி முழு நீளத்தில் மட்டுமா அதிர்கிறது? பாதிகளாகவும் மூன்றிலொரு பங்குகளாகவும் அதே நேரத்தில் அதிர்கிறது. மூன்றிலொரு பங்கின் அதிர்வு 392.4. முதல் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் இருக்கும் ஜி, அதாவது பஞ்சமம், 392! சியை மீட்டும்போதே பஞ்சமம் உள்ளே ஒலிக்கிறது.

நம்பாவிட்டால், காலி வீதியில் பஸ் சத்தம் அடங்கிய பிறகு செய்து பாருங்கள். நடுத் தந்திகளுக்கு அடியில் ஒரு லேஞ்சியைச் செருகுங்கள். சுண்டுவிரலால் அந்த ஜியை அமுக்கி, மீட்டாமல் விடுங்கள். மோதிர விரலால் சியை அமுக்கிப் பலமாக மீட்டி, உடனே அந்த விரலைத் தளர்த்துங்கள். சி செத்துவிடும். யாரும் தொடாத முதல் தந்தி மெல்லப் பாடிக்கொண்டிருக்கும். உயர்தரப் பௌதிகத்தில் சுரமானியில் (தந்தி கட்டிய ஆய்வுப் பெட்டி) கடதாசித் துண்டு துள்ளி விழுவதைப் பார்த்து மனப்பாடம் செய்தோமே, அதே பரிவு (resonance). எங்கள் வகுப்பு முழுவதற்கும் ஒரே சுரமானி. பக்கத்துச் சங்கீத அறையில் கிட்டார் தூசி பிடித்துக் கிடந்தது. யாருக்கும் தோன்றவில்லை!

காந்தாரமும் சியின் அதிர்வின் ஐந்து மடங்கில் உள்ளேதானே இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது, தம்புராவில் அது தானாகக் கேட்பதும் அப்படித்தான். ஆனால் உயரத்தில், மெலிந்து. மேஜரா மைனரா என்று சொல்லும் சுரத்தை ஊகத்துக்கு விட முடியாது. மத்திமமோ காந்தாரத்தோடு உரசும், அதனால் அதுவும் வெளியே.

சரி, வாசிப்போம். ஆறாம் தந்தி 8ஆம் ஃபிரெட் (அதே 130.8 சி), நாலாம் தந்தி 8, மூன்றாவது 9, இரண்டாவது 10. ச, நி, க, த. விரல் நாலுதானே, ரியையும் விட்டாயிற்று. மற்ற இரண்டு தந்தியும் ஊமை. நீள விரல் வேண்டும் என்று மிரட்டுகிறவர்களை நம்பாதீர்கள். பேஸ் கிட்டார்க்காரர் இருந்தால் சட்ஜமத்தையும் அவரிடமே விட்டுவிடலாம்.

அப்புறம் ஒன்று. பஞ்சமத்தை அரைச்சுரம் ஏற்றியோ இறக்கியோ எழுதியிருந்தால் அதை விடாதீர்கள். அந்தச் சுரம் சியின் தந்திக்குள் இப்படிக் காத்திருக்காது.