முன்னால் போகிறவர் வாங்கும் காற்று

காயமடைந்த சக வீரர்களுக்கும் உயிர்நீத்தவர்களின் குடும்பங்களுக்கும் நிதி திரட்ட, ராணுவத்தினர் பல நாள் சைக்கிள் பயணம் கிளம்புவது இன்று பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவின் 'சோல்ஜர் ரைடு' 2004-இல் தொடங்கியது. பிரிட்டனின் 'ஹெல்ப் ஃபார் ஹீரோஸ்' அமைப்பு 2008-இல் பிரான்ஸின் பழைய போர்க்களங்கள் வழியாகத் தன் முதல் பெரும் பயணத்தை நடத்தியது. இத்தகைய குழுக்களில் நாள்தோறும் பயிற்சி எடுக்கும் இளைஞர் இருப்பார், ஓய்வுபெற்றவர் இருப்பார், கால் இழந்தவரும் இருப்பார். அத்தனை பேரும் ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும். மன உறுதி பெரிய விஷயம்தான். ஆனால் அவர்களைச் சிதறாமல் கொண்டுபோவதில் காற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆளும் வண்டியுமாக 85 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில், காற்றில்லாத நாளில், மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போக 60 வாட் போதும். 30 கி.மீ. என்றால் சுமார் 155 வாட் வேண்டும். அதில் 120 வாட் காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. மிச்சம்தான் டயருக்கும் சாலைக்கும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. அதை வெல்லத் தேவைப்படும் திறனோ வேகத்தின் மூன்றாம் அடுக்காக (கனமாக) ஏறுகிறது. அதனால் 30-இலிருந்து 33-க்குப் போனாலே உழைப்பு கால் பங்குக்கு மேல் கூடிவிடும்.

முன்னால் போகிறவர் காற்றைப் பிளந்துகொண்டு போகும்போது, அவர் முதுகுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த, சுழல் நிறைந்த ஓர் இடம் உருவாகிறது. அங்குள்ள காற்று அவரோடு சேர்ந்தே முன்னோக்கி நகர்வதால், அடுத்தவர் மீது மோதும் காற்றின் வேகம் குறைகிறது. சக்கரத்தை ஒட்டிப் போகிறவருக்கு மொத்த உழைப்பில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகலாம். வரிசையில் இன்னும் உள்ளே போனால் மூன்றில் ஒரு பங்கு வரைகூட. பின்னால் ஆள் வருவதால் முன்னால் இருப்பவருக்கும் சிறிது லாபம் உண்டு. அவர் முதுகுக்குப் பின் இருக்கும் குறை அழுத்தம் ஓரளவு நிரம்புவதால் தடை இரண்டு மூன்று சதவீதம் இறங்குகிறது. ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெர்ட் பிளாக்கன் குழுவினர் 121 பேர் கொண்ட பந்தயக் கூட்டத்தை ஆராய்ந்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கூட்டத்தின் நடுப்பகுதியிலும் பின்பகுதியிலும் இருப்பவர்கள் மீதான காற்றுத்தடை, தனியாகப் போகிறவர் சந்திப்பதில் 5 முதல் 10 சதவீதம்தான் என்று அதில் தெரிந்தது. நிதி திரட்டும் அறப்பயணத்தில் யாரும் அவ்வளவு நெருக்கமாக ஓட்டுவதில்லை, ஓட்டவும் கூடாது.

வலுவானவர் தன் பலத்தை எப்படிக் குழுவுக்குத் தருவது? முன்னால் வந்ததும் வேகத்தைக் கூட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. அவர் 33-க்குப் போனால் பின்னால் இருக்கும் பலவீனமானவரின் சேமிப்பு முழுவதும் அந்தக் கூடுதல் வேகத்துக்கே கரைந்துபோகும். பின்னால் இருப்பவர் இரண்டு மூன்று மீட்டர் பின்தங்கினாலும் காற்று மறைவு வெகுவாகக் குறையும். இடைவெளி தானாகப் பெரிதாகும். வேகத்தைத் தொடாமல், முன்னால் இருக்கும் நேரத்தைக் கூட்டுவதே சரியான வழி. பலசாலி பத்து நிமிடம் முன்னால் இருக்கட்டும், களைத்தவர் அரை நிமிடம் இருந்துவிட்டு ஒதுங்கட்டும். முன்னால் வரவே இயலாதவர் கடைசியில் இருந்துகொள்ளட்டும். அணியாக வாழப் பழகிய ராணுவத்தினருக்கு இந்த ஒழுங்கு எளிதில் கைவருவது இயல்புதான்.

மிச்சமாவது அன்றைய மூச்சு மட்டுமல்ல. உடம்பு தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து இருப்பான கிளைகோஜன் சுமார் 500 கிராம், அதாவது 2000 கிலோகலோரி. 150 வாட்டில் மிதித்தால் மணிக்கு 550-க்கு மேல் செலவாகும். தசைகளின் செயல்திறன் 20 முதல் 25 சதவீதம்தான். மற்றதெல்லாம் வெப்பம், அதை வெளியேற்றத்தான் அவ்வளவு வியர்வை. மிதமாக மிதிக்கும்போது கொழுப்பும் நன்றாகக் கைகொடுக்கும். விரட்டி மிதித்தால் கிளைகோஜன் வேகமாகத் தீரும். தீர்ந்த இருப்பு நிரம்பக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும் என்பதால், இன்று வீணாக விரட்டியவர் நாளைக் காலை பாதி இருப்போடு கிளம்ப வேண்டியிருக்கும். பல நாள் பயணத்தில் அடிக்கடி சாப்பிட வேண்டும் என்பதும் இதனால்தான்: மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும், பசி எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. உப்பில்லாமல் வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் சரிந்துவிடும்.

பக்கவாட்டில் காற்றடித்தால் மறைவிடம் நேர் பின்னால் இருக்காது. காற்று போகும் பக்கமாகச் சாய்ந்துவிடும். வரிசையும் சாய்வாக விரிய வேண்டும். ஆனால் போக்குவரத்துள்ள சாலையில் அதற்கு அகலம் கிடையாது. சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மண்ணும் மேடும் வந்தால் இந்தக் கணக்கே தலைகீழ். 1897-இல் அமெரிக்காவின் 25-ஆம் காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த கறுப்பின வீரர்கள் இருபது பேர் மொன்டானாவிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை சுமார் 3,000 கி.மீ. தூரத்தை 41 நாட்களில் சைக்கிளில் கடந்தார்கள். அது அறப்பயணமல்ல, ராணுவச் சோதனை. நெப்ராஸ்காவின் மணல் அவர்களைப் படாதபாடு படுத்தியது. அங்கே சக்கரத்தின் தடைதான் பகை. முன்னால் யார் போனாலும் அது குறையாது.

ஏற்றத்திலும் அப்படித்தான். 5 சதவீதச் சரிவில் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் ஏற 160 வாட் தேவை. அதில் காற்றுக்குப் போவது எட்டே வாட். மற்றபடி எடையும் புவியீர்ப்பும்தான். கையால் பெடல் சுற்றும் மூன்று சக்கர வண்டியில் வருபவருக்கு மிகக் கடினமான இடம் இதுவே. தாழ்ந்து சாய்ந்திருப்பதால் சமதளத்தில் அவருக்குக் காற்று குறைவு. ஆனால் கைத்தசைகள் தொடைத்தசைகளைவிட மிகச் சிறியவை, ஏற்றத்தில் அவை மட்டுமே முழு எடையையும் இழுக்க வேண்டும். பக்கத்தில் வருபவர் ஒரு கையால் அவரைத் தள்ளிக்கொடுத்தால் நாற்பது ஐம்பது வாட் சேரும். அந்த வேகத்தில் காற்று மறைவு தருவதைவிட அது பல மடங்கு. தள்ளுபவருக்கு அது கடுமையான கூடுதல் வேலை என்பதால் ஆள் மாற்றி மாற்றித் தள்ள வேண்டும். நீண்ட ஏற்றம் வரும் நாளில் வலுவானவர்களைக் காலையிலேயே முன்வரிசையில் களைக்கவிடாமல் வைத்திருப்பதற்கு இதுதான் காரணம்.