சுடாத லேசரும் தீராத வலியும்

மருத்துவர் கையில் எடுப்பது காது துடைக்கும் பஞ்சுக்குச்சி ஒன்றைத்தான். யோனி வாயைச் சுற்றி, கடிகாரத்தின் எண்கள் இருக்கும் வரிசையில், ஒவ்வொரு புள்ளியாக மெல்ல அழுத்திப் பார்ப்பார். 0 முதல் 10 வரை வலி எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். வலியில்லாத உடலுக்குப் பஞ்சு பட்டது தெரியும், அவ்வளவுதான். வெஸ்டிபுலோடினியா என்ற யோனி வாய் வலி உள்ள பெண்ணோ, 5 மணிக்கும் 7 மணிக்கும் உரிய இடங்களில் அதே பஞ்சு பட்டதும் துடித்துப்போவார். பார்த்தால் அங்கே புண் இருக்காது, தடிப்பு இருக்காது.

பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியில் தெளிவான காரணம் எதுவும் அகப்படாமல் 3 மாதமாவது நீடிக்கும் வலியை வல்வோடினியா என்கிறார்கள். தொட்டால் மட்டும், அதுவும் யோனி வாயில் மட்டும் வலிக்கும் வெஸ்டிபுலோடினியாதான் அதன் பெரும்பான்மையான வடிவம். நம் வீடுகளில் இதற்கு முதலில் கிடைக்கும் பெயர் 'சூடு'. பார்லித் தண்ணீர் வரும், இளநீர் வரும், பிறகு மருந்துக்கடையில் வாங்கிய பூஞ்சைக் களிம்பு வரும். பூஞ்சையே இல்லாத இடத்தில் களிம்பு தடவத் தடவ எரிச்சல்தான் கூடும். புதிதாக மணமான பெண்ணாக இருந்தால் 'பயப்படுகிறாள்', 'விருப்பமில்லை' என்ற பட்டமும் சேர்ந்துகொள்ளும். இது கொடுமை. அந்த வலி உண்மையானது. அதற்கு உடலில் தடயமும் உண்டு. இவர்களில் பலருடைய திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது, வலியுணரும் நரம்பிழைகள் வழக்கத்தைவிட அடர்ந்து கிடப்பது தெரியவந்திருக்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் சாம்பிராணிப் புகைக்கே அலறும் புகை எச்சரிக்கைக் கருவியின் நிலைதான் அந்த நரம்புகளுக்கும். நெருப்பு இல்லை, ஆனால் அலறல் பொய்யல்ல.

இந்த நரம்புகளை ஒளியால் அமைதிப்படுத்த முடியுமா என்பதுதான் குறைந்த ஆற்றல் லேசர் சிகிச்சை எழுப்பும் கேள்வி. லேசர் என்றதும் வெட்டுவதும் சுடுவதும் நினைவுக்கு வரும். இது இரண்டையும் செய்யாது. இதன் திறன் பொதுவாக அரை வாட்டுக்குள் அடங்கும். தோலில் பட்டால் சூடு அநேகமாகத் தெரியாது. இது கண்டறியப்பட்டதும் எதிர்பாராமல்தான். 1960களின் பிற்பகுதியில் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், ரூபி லேசர் உடலுக்குத் தீங்கு செய்கிறதா என்று பார்க்க, மயிர் மழித்த எலிகள்மீது அதைப் பாய்ச்சினார். புற்றுநோய் வரவில்லை. ஒளி பட்ட எலிகளுக்கு மயிர் விரைவாக முளைத்தது.

இருட்டில் கைப்பேசி விளக்கின்மேல் விரலை வைத்துப் பாருங்கள். வெள்ளொளி உள்ளே போகிறது, சிவப்பு மட்டும் வெளியே வருகிறது. நீலத்தையும் பச்சையையும் இரத்தம் விழுங்கிவிடுகிறது. அகச்சிவப்பில் மிகவும் தள்ளிப் போனால் நீர் விழுங்கிவிடும். இடையில், ஏறத்தாழ 600 முதல் 1,000 நானோமீட்டர் வரையுள்ள அலைநீளங்களுக்குத்தான் சதைக்குள் வழி உண்டு. சிகிச்சை லேசர்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில் இயங்குகின்றன.

உள்ளே போன ஒளி உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவை அடைகிறது. அங்கே சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி, ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு உருவாக வழிசெய்கிறது. அழற்சியில் தவிக்கும் உயிரணுவில் நைட்ரிக் ஆக்சைடு இந்த நொதியைப் பற்றிக்கொண்டு அதன் வேலையைத் தடுக்கும். சிவப்பொளி அந்தப் பிடியை விடுவிக்கிறது, ஆற்றல் உற்பத்தி மீள்கிறது, அழற்சியைத் தணிக்கும் சமிக்ஞைகள் எழுகின்றன என்பது ஆய்வாளர்கள் அதிகம் முன்வைக்கும் விளக்கம். விலங்குச் சோதனைகளில், மெல்லிய வலி நரம்புகள் செய்தி கடத்தும் வேகமும் ஒளிபட்டதும் சற்று நேரம் குறைந்திருக்கிறது. அளவுதான் இதில் நுட்பமானது: குறைந்தால் பலனில்லை, மிகுந்தால் கிடைத்த பலனும் போய்விடும். ஆகவே, 'அதிக சக்தி வாய்ந்த கருவி' என்ற விளம்பரத்துக்கு இங்கே மதிப்பே இல்லை.

சரி, பெண்களுக்குப் பலித்ததா? 2017இல் வெளியான ஓர் இஸ்ரேலிய ஆய்வில் 34 பெண்கள் பங்கேற்றனர். ஒரு சாராருக்கு உண்மை லேசர், மறுசாராருக்கு ஒளி வராத போலிக் கருவி. 6 வாரங்களில் 12 அமர்வுகள். வலி குறைந்ததாகச் சொன்னவர்கள் லேசர் பெற்றவர்களில் 78 விழுக்காடு, போலி பெற்றவர்களில் 44 விழுக்காடு. பக்கவிளைவு எதுவும் பதிவாகவில்லை. ஆனால் மற்ற அளவீடுகளில் இரு சாராருக்கும் தெளிவான வேறுபாடு இல்லை. எனக்கு இது நம்பிக்கை தரும் தொடக்கம். 34 பேரை வைத்து அதற்குமேல் சொல்வது நேர்மையாகாது. அந்த 44 விழுக்காட்டையும் நான் அற்பமாகக் கருதவில்லை. கவனித்துக் கேட்கவும் தொடர்ந்து பார்க்கவும் ஆள் இருந்தாலே ஓரளவு தணியும் வலி இது. போலிக் கருவியில் தணிந்தது என்பதால் அது கற்பனை வலி ஆகிவிடாது.

'யோனிப் புத்துணர்வு' என்ற பெயரில் விற்கப்படும் லேசரோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் பெரும்பாலும் பயன்படும் கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர். திசுவிலுள்ள நீரைக் கொதிக்கவைத்து நுண்ணிய புண்களை உண்டாக்குவதே அதன் வேலை. அத்தகைய கருவிகளால் தீக்காயமும் தழும்பும் நீடித்த வலியும் வரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் எச்சரித்தது. ஏற்கெனவே வலியால் தவிக்கும் பெண்ணை அங்கே அனுப்புவது அநியாயம்.

சிங்கப்பூரில் இந்த வலியோடு இருப்பவர் முதலில் பலதுறை மருந்தகத்தில் சொல்லி, கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை போன்ற இடத்துக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். தொற்றும் தோல்நோயும் இல்லை என்று உறுதியான பிறகு, இடுப்புத்தளத் தசைகளைத் தளர்த்தும் இயன்முறைச் சிகிச்சை, மரக்கச் செய்யும் லிடோகெய்ன் களிம்பு, நரம்பு வலிக்கான மாத்திரை என்று நெடுநாள் பழக்கத்தில் உள்ள வழிகள் இருக்கின்றன. லேசர் இவற்றோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. இவற்றுக்கு மாற்றாக அதை வாங்க வேண்டாம். எங்கேனும் லேசர் பரிந்துரைத்தால், பணம் கட்டும் முன் அதன் அலைநீளம் என்ன, ஓர் அமர்வுக்கு எத்தனை ஜூல், பஞ்சுக்குச்சிப் பரிசோதனை செய்துவிட்டுத்தான் தொடங்குவார்களா என்று கேளுங்கள்.