ஊருக்கு நாலு ‘சாத்தியா’: வளரிளம் பருவத்தினர் குழு எப்படி நடக்கிறது, அதில் நம் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?

வளரிளம் வயதுப் பிள்ளைகள் ஒரு சந்தேகம் வந்தால் முதலில் கேட்பது கூட்டாளியிடம்தான். கூட்டாளிக்குத் தெரிந்ததோ யூடியூபில் பார்த்ததும், தெருமுனை அண்ணன்கள் சொன்னதும். அந்தக் கூட்டாளிக்கே முறையாகப் பயிற்சி கொடுத்துவிடலாமே என்ற யோசனைதான் ‘ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய காரியக்ரம்’ என்ற தேசிய வளரிளம் பருவ நலத் திட்டத்தின் மையம். மத்திய சுகாதார அமைச்சகம் 2014 ஜனவரி 7-ல் இதைத் தொடங்கியது.

10 முதல் 19 வயது வரை உள்ள எல்லோரும் இதில் வருவார்கள். பள்ளிக்குப் போகிறவர், பாதியில் நின்றவர், மில்லுக்கு வேலைக்குப் போகிறவர், கல்யாணம் ஆனவர் என்று பாகுபாடு கிடையாது. ஊட்டச்சத்து, பாலியல் மற்றும் இனப்பெருக்க நலம், மனநலம், போதைப் பழக்கம், வன்முறையும் காயங்களும், சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற தொற்றா நோய்கள் என ஆறு விஷயங்கள் பேசப்படும்.

ஆயிரம் பேர் கொண்ட ஓர் ஊருக்கு நான்கு பேர் தேர்ந்தெடுக்கப்படுவார்கள், இரண்டு பெண், இரண்டு ஆண். அரசு ஆவணத்தில் இவர்களுக்கு ‘சாத்தியா’ என்று பெயர். நம் பக்கம் பியர் எஜுகேட்டர் என்றே சொல்லிவிடுகிறார்கள். ஆறு நாள் பயிற்சி உண்டு. அதன்பின் ஒவ்வொருவரும் 15 முதல் 20 பேரைச் சேர்த்துக் குழு அமைத்து, வாரம் ஒருமுறை ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் கூடிப் பேச வேண்டும். கிராம சுகாதாரம், தூய்மை, ஊட்டச்சத்துக் குழுவைக் கலந்து இவர்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை, வழிகாட்டு நெறிமுறைப்படி ஆஷா பணியாளருடையது (ஊரிலேயே வசிக்கும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்). தமிழ்நாட்டில் ஆஷா இருப்பது பெரும்பாலும் மலைப்பகுதிகளிலும் பழங்குடிப் பகுதிகளிலும்தான். மற்ற ஊர்களில் கிராம சுகாதார செவிலியரைத்தான், அதாவது நர்சம்மாவைத்தான், கேட்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் ஊர்க்காரர்கள் கவனமாக இருப்பது நல்லது. நால்வரில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் பள்ளிக்குப் போகாத பிள்ளைகளுக்காக. அந்த இடத்துக்கும் நன்றாகப் படிக்கிற, மேடையில் பேசுகிற பிள்ளையையே பிடித்துப் போட்டால் திட்டம் அங்கேயே முடிந்தது. ஒன்பதாவதோடு நின்று வொர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் பிடிக்கிற பையன் பேச்சை, அவனைப் போன்ற பத்துப் பேர் கேட்பார்கள். அவனைத்தான் தேட வேண்டும்.

குழு கூடினால் வகுப்பு மாதிரி இருக்கக் கூடாது. இதற்காகவே 2017-ல் ஒரு பெட்டகம் வந்தது. செயல்பாட்டுப் புத்தகம், கேள்வி-பதில் நூல், கட்டுக்கதை எது உண்மை எது என்று பிரித்துப் பார்க்கும் விளையாட்டு, படங்கள், ஒரு டைரி எல்லாம் அதில் உண்டு. ஆண் பிள்ளை அழுவதில் தப்பில்லை, யார் மீதாவது ஈர்ப்பு வருவது, அது தன் பாலினத்தவர் மீதே வந்தாலும், இயல்புதான் என்று அதில் வெளிப்படையாகச் சொன்னது அப்போது செய்தியானது. அரசு அச்சிட்ட புத்தகத்தில் அப்படி எழுதியிருந்தது எனக்கும் ஆச்சரியம்தான்.

உதாரணத்துக்குப் புகையிலையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘போதை தீது’ என்று சொன்னால் பையன்கள் கொட்டாவி விடுவார்கள். அதற்குப் பதில் ஒருவன் கூல் லிப் பாக்கெட்டை நீட்டுகிறவனாகவும், இன்னொருவன் மறுக்கிறவனாகவும் நடிக்க வேண்டும். ‘வேண்டாம்டா’ என்றதும் ‘ஏன், அம்மா அடிக்குமா?’ என்று கேலி வரும். கூட்டாளியை இழக்காமல் அந்தக் கேலியைத் தாண்டுவது எப்படி என்று எல்லோரும் சேர்ந்து யோசிப்பார்கள். வாழ்க்கைத் திறன் என்று பெரிய வார்த்தையில் சொல்வது இந்தப் பழக்கத்தைத்தான். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்ற சட்டம் தெரிந்தால், அதே குழு பெட்டிக்கடை மீது புகாரும் கொடுக்கும்.

பியர் எஜுகேட்டர் டாக்டர் அல்ல, மாத்திரை சொல்லக் கூடாது. மூன்று மாதமாக மாதவிலக்கு வராத பெண்ணையோ, தூக்கமில்லாமல் தவிக்கும் பையனையோ நர்சம்மாவிடமும் அரசு மருத்துவமனையில் உள்ள வளரிளம் பருவத்தினர் மருத்துவப் பிரிவுக்கும் அனுப்பி வைப்பதோடு அவர் வேலை முடிந்தது. மனநலப் பிரச்சினை என்றால் 14416-க்குக் கூப்பிடலாம், கட்டணம் இல்லை. மாதம் ஒருமுறை துணை சுகாதார நிலையத்தில் சுற்று வட்டார பியர் எஜுகேட்டர்கள் கூடி, பதில் தெரியாத கேள்விகளை நர்சம்மாவிடம் கேட்டுக்கொள்வார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊரில் வளரிளம் பருவ நலநாள் நடக்க வேண்டும்.

மாத்திரை விஷயம் சுருக்கமாக. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 6 முதல் 12 வரை படிக்கும் எல்லோருக்கும் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை உண்டு. ஆண்டுக்கு இருமுறை பூச்சி மாத்திரையும் உண்டு. பள்ளியை விட்ட பெண்கள் அங்கன்வாடியில் வாங்கிக்கொள்ளலாம். பள்ளியை விட்ட பையன்களுக்கு வாராந்திர இரும்புச்சத்து மாத்திரை ஏற்பாட்டில் இடமே இல்லை. தேசியக் குடும்ப நல ஆய்வு ஐந்தாம் சுற்றில் 15-19 வயதுப் பையன்களில் 31.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்த பிறகும் இந்த ஓட்டை அடைபடாதது சரியல்ல. பெண்களில் அது 59.1 சதவீதம்.

இனி ரகசியம். குழுவில் பேசியது வெளியே போகக் கூடாது என்பது முதல் விதி. ஆனால் 18 வயதுக்குக் கீழே உள்ள ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரிந்தால் கதை வேறு. போக்சோ சட்டம் பிரிவு 19-ன்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். இந்தத் தண்டனை குழந்தைகளுக்குப் பொருந்தாது என்று பிரிவு 21 சொல்கிறது. அதாவது 16 வயது பியர் எஜுகேட்டர் சொல்லத் தவறினால் வழக்கு இல்லை. 18 முடிந்தவருக்கு உண்டு. பயிற்சியில் இதை விளக்காவிட்டால் நீங்களே கேளுங்கள். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று சத்தியம் செய்துவிட்டு மாட்டிக்கொள்வதைவிட, ‘உனக்கு ஆபத்து என்றால் மட்டும் பெரியவர்களிடம் சொல்வேன்’ என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ எல்லோரும் மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. மைனர் பெண் கருக்கலைப்புக்கு வந்து, அவளும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் போலீஸுக்குத் தரும் தகவலில் பெயர், அடையாளம் குறிப்பிடத் தேவையில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஊர் விஷயங்களிலும் இந்தக் குழுக்கள் தலையிடலாம். 18 முடிந்து வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் கிராம சபையில் எழுந்து கேட்கலாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை, ட்யூஷன் முடிந்து வரும் வழியில் விளக்கு இல்லை என்று மனு எழுதி, தீர்மானத்தில் ஏற்றும்படி கேட்க வேண்டும். சின்னவர்கள் மனுவைத் தயார் செய்யட்டும், பெரியவர்கள் வாசிக்கட்டும். அப்படித்தான் பழக்கம் வரும்.

சம்பளம் கிடையாது. நெறிமுறையில் ஒருவருக்கு மாதம் 50 ரூபாய் மதிப்பில் பொருளாக ஊக்கம் என்றுதான் இருக்கிறது. அரசு வேலைக்கு இது படிக்கட்டு என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

பியர் எஜுகேட்டர் முறை எல்லா வட்டாரத்திலும் இல்லை, தேர்ந்தெடுத்த இடங்களில்தான். உங்கள் ஊரில் உண்டா என்று நர்சம்மாவிடமோ வட்டார மருத்துவ அலுவலரிடமோ கேளுங்கள். இல்லை என்றால் பள்ளியில் விசாரியுங்கள். 2020-ல் வந்த பள்ளி நலத் திட்டத்தில் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் நலத் தூதர்கள், வகுப்புக்கு இரண்டு மாணவர்கள் அவர்களுக்குத் துணை. அந்த இருவர் யார் என்று உங்கள் பிள்ளையிடமே கேட்டால் தெரிந்துவிடும்.